ஞானம்மாள் என்று பேர் வெட்டிய தூக்குச்சட்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக ஆகியிருக்கவே கூடாது. வார இதழ் ஒன்றின் இணைப்புக்காக அதன் ஆசிரியர் சண்முகசுந்தரம் என்னிடம் கேட்டது ஐந்து சமையல் குறிப்புகள். வேலை முடிந்து வருகிறவர்கள் வார நாள் இரவில் முக்கால் மணி நேரத்துக்குள் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும். அந்தந்தப் பருவத்துக் காயைக் கொண்டு செய்ய வேண்டும். "மிக்ஸி எப்படி அரைக்குது, லிஃப்ட் எப்படி ஏறுதுன்னெல்லாம் எழுதுறீங்களே சார், குழம்பு எப்படிக் கொதிக்குதுன்னு எழுத மாட்டீங்களா?" என்றார்.

எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் குறிப்பு சுரைக்காய்க் கூட்டு. அன்று அதைத்தான் சாப்பிட்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியை நீட்டி, "சுரக்கா கூட்டு சார். முன்ன இந்த ஊட்ல இருந்தவங்களுக்கும் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் போயிருந்தார்.

சாப்பிட்டேன். சட்டியைக் கழுவினேன். துடைத்து விளக்கின் கீழ் திருப்பியபோது விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர் தெரிந்தது. ஞானம்மாள்.

எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் ஞானம்மாள் இல்லை.

சமையல் குறிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. "சுரைக்காயைத் தோல் சீவி, விதை முற்றியிருந்தால்" என்ற பாதி வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அழிக்கவில்லை.

[ஒரு சிறு விளக்கம். பாத்திரக் கடையில் பேர் வெட்டும் கருவி பார்ப்பதற்குத் தடித்த பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஊசி, வினாடிக்குப் பல தடவை மேலும் கீழும் குத்தும். எழுத்து என்று நாம் படிப்பது கோடு அல்ல, நெருக்கமான பள்ளங்கள். அதனால்தான் எத்தனை வருடம் சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்தாலும் பெயர் போவதில்லை. பாத்திரத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பெயர் வெட்டுகிறார்கள். இந்தக் கதையில் பெயர் வெட்டியிருந்ததால்தான் பாத்திரம் தொலைந்தது. இதைப் பிறகு விளக்குகிறேன். எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை.]

2

எனக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில், இரண்டாம் மாடி. எதிரெதிரே இரண்டு வீடுகள். நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு செருப்பு ஸ்டாண்டு. நான் ஆகஸ்டில் குடிவந்தேன். எனக்கு முன் இதே வீட்டில் ஈரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி கணவனோடு இருந்தாள். கம்ப்யூட்டர் வேலை. ஜனவரியில் வந்தவள் ஜூன் கடைசியில் காலி செய்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் அந்தத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். மற்றதெல்லாம் தெருமுனையில் காய்வண்டி நிறுத்தும் கன்னியம்மாள் சொன்னது. அவர் சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்புகிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பானுப்பிரியா என்றும், முன்பிருந்தவளுக்கு வர்ஷா என்றும் பெயர் வைத்திருக்கிறேன். ஞானம்மாள் என்பதை மட்டும் மாற்றவில்லை. அது உலோகத்தில் இருக்கிறது.

இனி முதல் தொடக்கம்.

பானுப்பிரியாவுக்கு அன்று கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன. காணும் பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள். நின்றுகொண்டே, வருகிற ஒவ்வோர் இரும்பு வளையத்தையும் அளவுக்கட்டையில் நுழைத்துப் பார்ப்பது அவள் வேலை. சரியாக நுழைந்தால் பச்சைப் பெட்டி, இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. ஆறே முக்காலுக்குப் படியேறி வந்தவள், இனி அடுப்பங்கரையில் வேறு நிற்க வேண்டுமே என்று நினைத்தபடி செருப்பைக் கழற்றக் குனிந்தாள். ஸ்டாண்டின் மேல் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு.

எதிர்வீட்டுக் கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம். பத்து நாள் முன்னால் வந்த புதுப்பெண். கூச்சம்போல, மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பானுப்பிரியா நினைத்துக்கொண்டாள். உள்ளே எடுத்துப் போய்த் திறந்தால் மொச்சைக் குழம்பு. சோறு மட்டும் வடித்தால் போதும். அன்றிரவு அவள் உட்கார்ந்தாள்.

அவள் கணவன் அரவிந்தனுக்குச் சொந்தமாக ஒரு குட்டி யானை. அதாவது சின்னச் சரக்கு வண்டி. அவன் வந்து தட்டின் முன் உட்கார்ந்ததும் கேட்டான். "இன்னாம்மே, மொச்ச வாசன தெரு வரைக்கும் அட்ச்சுது?"

"எதுத்த ஊட்டுப் பொண்ணு குட்த்தது."

"யாரு, அந்தக் கம்ப்யூட்டரா? கம்ப்யூட்டருக்கு மொச்ச உரிக்கத் தெரியுமா?"

"துன்றத துன்னுட்டுப் போய்யா."

இந்தக் கேள்வியை அவள் சிரித்துத் தள்ளிவிட்டாள். நானும் முதல் தடவை எழுதும்போது தள்ளிவிட்டேன்.

மறுநாள் சட்டியைத் திருப்ப வேண்டும். வெறுமனே திருப்ப முடியுமா? கன்னியம்மாளின் வண்டியில் அப்போது முன்வரிசை முழுக்க முள்ளங்கி. [பருவக் காய் எது என்று தெரிந்துகொள்ள நாள்காட்டி வேண்டாம். காய்வண்டியில் எது அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, எடுக்கக் கை எட்டும் தூரத்தில் கிடக்கிறதோ, அதுதான் அந்த மாதத்துக் காய். ஓரத்தில் நாலைந்து மட்டும் அழகாக அடுக்கியிருந்தால் அது தொலைவிலிருந்து வந்தது.] பானுப்பிரியா முள்ளங்கி சாம்பார் வைத்தாள். அவள் முறை எளிது. குக்கரின் அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி. இரண்டும் வேகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் வெங்காயத்தோடு முள்ளங்கியை வதக்கிவிடுவாள். வதக்காமல் போட்டால் அதன் காரநெடி குழம்பில் தங்கிவிடும். ஆவி இறங்கியதும் பருப்பைக் கடைந்து, புளி, பொடி, ஒரு கொதி. முப்பத்தைந்து நிமிடம்.

(சண்முகசுந்தரம் அவர்களே, இதை ஒரு குறிப்பு என்று கணக்கில் வைத்துக்கொள்ள முடியுமா?)

3

இரண்டாம் தொடக்கம் வர்ஷாவுடையது. அது வேறு மாதிரி இருக்கிறது.

வர்ஷா வந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் கேஸ் இணைப்பு வரவில்லை. மின் அடுப்பில் பாலைக் காய்ச்சி, முட்டையை வேகவைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை மணி அடித்தது. எதிர்வீட்டு அக்கா நின்றாள். கையில் தூக்குச்சட்டி. உள்ளே முள்ளங்கி சாம்பார். "எவ்ளோ நல்லவங்க பாருங்க, கேக்காமயே கொண்டாந்து குடுக்கறாங்க" என்று கணவன் திருமுருகனிடம் சொன்னாள். சட்டியைக் கழுவியபோது ஞானம்மாள் என்ற பெயரைப் பார்த்தாள். அக்காவின் அம்மாவாக இருக்கும்.

கவனித்தீர்களா? முதல் தொடக்கத்தில் பானுப்பிரியாவுக்கு வர்ஷா கொடுக்கிறாள். இரண்டாவதில் வர்ஷாவுக்குப் பானுப்பிரியா கொடுக்கிறாள். கேஸ் இல்லாத வீட்டிலிருந்து மொச்சைக் குழம்பு எப்படி வரும்? வர்ஷா வைக்கவில்லை என்றால் யார் வைத்தது? நான் எழுதும் கதையில் எனக்கே தெரியாமல் ஒருவர் மாடியேறி வந்து போயிருக்கிறார். மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சுரைக்காய் முற்றிவிட்டது.

இதற்குள் இன்னொன்றை விளக்கிவிடுகிறேன். விளக்கினால் எனக்கும் கொஞ்சம் தெளியலாம்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது ஒரு வழக்கம் மட்டுமல்ல, ஒரு பொறி. பெண்டுலக் கடிகாரத்தில் பெண்டுலம் ஒவ்வொரு பக்கம் போய்த் திரும்பும்போதும் உள்ளிருக்கும் பல்சக்கரம் அதற்கு ஒரு சின்னத் தட்டு கொடுக்கும். அந்தத் தட்டு இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பாத்திரம் விஷயத்தில் அந்தத் தட்டு, உள்ளே வைக்கும் பண்டம். சாதாரணமாக இந்தக் கடிகாரம் ஒரே சுற்றில் நிற்கும். என் பாத்திரத்தில் உங்களுக்குக் குழம்பு கொடுத்தேன். நீங்கள் அதில் இரண்டு வாழைப்பழம் போட்டுத் திருப்பினீர்கள். பாத்திரம் சொந்த வீடு சேர்ந்தது. முடிந்தது.

ஆனால் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும், அந்த வீடு "இது எதிர்வீட்டுடையது" என்று நினைத்தால்? எந்தப் பக்கம் போனாலும் அது விருந்தாளி. எந்தப் பக்கம் போனாலும் நிரப்பித் திருப்ப வேண்டும். நிற்பதற்கு அதற்கு வீடே இல்லை.

நிறுத்த ஒரே ஒரு விசை உண்டு. "இது யாருதுங்க?" என்று கேட்பது. அதை யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால், உங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னதுபோல ஆகிவிடும்.

4

அப்படித்தான் ஆறு மாதம் ஓடியது. மாசியில் அவரைக்காய்ப் பொரியல். பங்குனியில் முருங்கைக்காய். சித்திரையில் மாங்காய் சாம்பார். [மாங்காயைப் பருப்பு வெந்த பிறகுதான் போட வேண்டும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பருப்பு பிடிவாதம் பிடிக்கும், எத்தனை விசில் விட்டாலும் மசியாது. புளிப்பு மாங்காய் கிடைக்கும் மாதத்தில் புளியே வேண்டாம். ஊறவைக்கும் வேலை மிச்சம்.] சட்டி வந்த இரவில் அந்த வீட்டில் அடுப்பு பெரிதாக எரியாது. சட்டி போக வேண்டிய இரவில் கொஞ்சம் கூடுதலாக எரியும். வாரத்துக்கு இரண்டு நாள் இவள், இரண்டு நாள் அவள். வார நாள் இரவுக்கு மிக எளிய சமையல் எது என்று கேட்டால், எதிர்வீட்டில் சமைப்பதுதான் என்று எழுதி இணைப்புக்கு அனுப்பிவிடலாம்.

ஆனால் பானுப்பிரியா சட்டிக்காகக் காத்திருந்ததற்குக் காரணம் சோறு அல்ல.

முதல் தடவை சட்டி திரும்பி வந்தபோது மூடியின் மேல் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஆபீசில் ஒட்டுகிற சின்னச் சதுரம். "அக்கா, முள்ளங்கி சாம்பார் சூப்பருங்க. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி. வர்ஷா."

பானுப்பிரியா அதை மூன்று தடவை படித்தாள். முதலில் சுர்ரென்று வந்தது. பிறகு ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த சாம்பாரில் ஒரு கரண்டியை வாயில் விட்டுப் பார்த்தாள். உப்பு கம்மிதான். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அரவிந்தன் உண்பான், கை கழுவுவான், போவான். நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. பகல் முழுவதும் அவள் ஊரார் செய்த வளையங்களைச் சரி, சரியில்லை என்று பிரிக்கிறாள். அவள் கையால் செய்ததை இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டினாள். அடுத்து வந்ததையும். "அவரைக்காய்க்கு நார் எடுத்தது யாருங்க, மாமாவா? ரெண்டு நார் மாட்டுச்சு." "முருங்கை அருமை. எங்க திரு அத எலும்புன்னு நெனச்சுக் கடிச்சுட்டே இருக்காரு."

[சீட்டுகளை நான் கற்பனை செய்யவில்லை. சட்டி கொடுத்த அன்று எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் மஞ்சள் சதுரங்கள் வரிசையாக இருந்தன. எழுத்து தெரியவில்லை. அதனால் வாசகங்கள் மட்டும் என்னுடையவை.]

வைகாசியில் ஒரு நாள் சட்டியில் குருமா வந்தது. பானுப்பிரியா மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டாள். உள்ளே பச்சைப்பட்டாணி. இந்த வெயிலில் எந்த வண்டியில் பச்சைப்பட்டாணி கிடைக்கிறது? ஓட்டல் குருமா. மறுநாள் வெள்ளரிக்காய்க் கூட்டை வழிய வழிய நிரப்பிக் கொடுத்தாள். திரும்பி வந்த சீட்டில் இருந்தது இது. "அக்கா, ஸாரிங்க. அது ஓட்டல். கண்டுபிடிச்சுட்டீங்கதானே?"

5

இங்கே ஒரு சந்தேகம். வர்ஷாவை நான் நம்பலாமா? ரொம்ப நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கும் இது பாரமாக இருந்திருக்காதா? மீட்டிங் முடிந்து தலை கனத்த ஒரு மாலையில், சமையல் மேடையில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் அந்தச் சட்டியைப் பார்த்து அவள் வெறுத்திருக்க மாட்டாளா? "வர்ஷா சட்டியைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தாள். அதன் பெயர் தெரியாதபடி" என்று எழுதிப் பார்த்தேன். உண்மை மாதிரி இருக்கிறது. ஆனால் அதை எழுதினால் பானுப்பிரியாவைப் பார்க்கப் பாவமாக

வேண்டாம். அந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். வெறுத்திருந்தாலும் நிரப்பினாள் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் அன்பில் சேர்த்திதானே? சேர்த்தி இல்லையா? தெரியவில்லை.

6

ஜூனில் வர்ஷாவின் ஆபீஸ், இனி எல்லாரும் தினமும் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆபீஸ் சோழிங்கநல்லூரில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. வீட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சாமான் ஏற்றிப் போக அரவிந்தனின் குட்டி யானையையே பேசினார்கள்.

காலி செய்கிற அன்று சட்டி பானுப்பிரியாவிடம் இருந்தது. அவள் விடிவதற்குள் எழுந்து, மாங்காய் போட்ட முருங்கைக்காய்க் குழம்பு வைத்தாள். அவள் கணக்கு இது. சட்டி நிறைந்து வர்ஷாவோடு போனால், வர்ஷா அதை நிரப்பிக் கொண்டுவந்தாக வேண்டும். எத்தனை தூரமானாலும் வந்தாக வேண்டும். சட்டி இங்கேயே தங்கிவிட்டால் வர்ஷா வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஃபோன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஃபோனில் கூப்பிட, சொல்வதற்கு ஏதாவது வேண்டும். சட்டிக்கு அது வேண்டாம்.

கீழே நடந்ததைக் கன்னியம்மாள் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஆகவே இதுதான் என் கதையிலேயே உறுதியான பகுதி.

"இந்தா, நைட்டுக்கு" என்று பானுப்பிரியா சட்டியை நீட்டினாள். "புது ஊட்ல இன்னிக்கே அடுப்புகிட்ட நிக்காத."

"ஐயோ, எதுக்குங்க்கா இந்நேரத்துல? இருங்க, குழம்ப டப்பாவுல மாத்திக்கறேன். தூக்கு உங்களுது, இங்கயே இருக்கட்டும்."

"என்துன்னு யார் சொன்னா?"

"உங்கம்மா பேரு போட்டிருக்குதுங்களே."

"எங்கம்மா பேரு கெங்கம்மா. ஞானம்மா உன் மாமியார்னு இல்ல நெனச்சிகினு கீறேன் நானு!"

"என்ற மாமியார் பேரு அனுசுயாங்க்கா!"

இருவரும் சட்டியைப் பார்த்தார்கள்.

"மொதல்ல நீதான மொச்சக் கொயம்பு வெச்ச, செருப்பு ஸ்டாண்டு மேல?"

"நானா? எங்களுக்கு அப்ப கேஸே வரலீங்க்கா. நீங்கதான் முள்ளங்கி சாம்பார் கொண்டாந்து குடுத்தீங்க. அதுதான் மொதல்ல."

"அப்ப மொச்ச யார்து?"

வண்டியில் உட்கார்ந்திருந்த அரவிந்தன் ஹாரனை அழுத்தினான். "இன்னாம்மே, பஞ்சாயத்து முடிஞ்சுதா இல்லியா? எட்டு மணிக்கு மேல பைபாஸ்ல வண்டி நவுறாது. மொச்ச யார்துன்னு போலீஸ் வந்து கண்டுபுடிக்கட்டும்!"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றார் கன்னியம்மாள். "சிரிச்சாங்களா, அழுதாங்களா?" என்று கேட்டேன்.

"பின்னாலேர்ந்து பாத்தா இன்னா சார் தெரியும்? ரெண்டுக்கும் தோளு ஒரே மாதிரிதான குலுங்கும்."

பிறகு நீ எடுத்துப் போ, நீங்க வச்சுக்குங்க என்று சட்டி இங்கும் அங்கும் போனதாம். "அப்புறம்?"

"அந்நேரம் பாத்து முருங்கக்கா கேட்டு ஒரு ஆளு வந்துட்டான் சார். ஒண்ணொண்ணா எட்த்து முறுக்கிப் பாத்துகினே கீறான். அவன அனுப்பிட்டுத் திரும்புனா வண்டியும் இல்ல, பானுவும் இல்ல."

"சட்டி யார் கையில் போச்சு?"

"அத்தான் சொல்றனே, முருங்கக்கா."

7

ஆக முடிவு இல்லை. இருப்பது ஒரே ஒரு தடயம். அந்தச் சட்டி இப்போது என் சமையலறை மேடையில் இருக்கிறது. எந்த முடிவை எழுதினாலும் அது இந்த மேடையில் வந்து சேர வேண்டும்.

அ. வர்ஷா எடுத்துப் போனாள். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பஸ் மாறி, மடியில் சட்டியோடு வந்தாள். மூடியில் மஞ்சள் சீட்டு. எனக்கு இந்த முடிவு பிடிக்கும். இது உண்மையானால், அடுத்து சட்டி சோழிங்கநல்லூருக்குப் போயிருக்க வேண்டும். என் வீட்டுக்கு ஏன் வந்தது?

ஆ. பானுப்பிரியா வைத்துக்கொண்டாள். ஆடி முழுக்க அது அவள் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. ஆவணியில் எதிர்வீட்டில் மறுபடி விளக்கு எரிந்தது, புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அவள் எழுந்து சுரைக்காயை

இந்த வாக்கியத்தை முடிக்கக் கூச்சமாக இருக்கிறது. முடித்தால், வர்ஷா இருந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்றாகிறது.

இ. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அரவிந்தன் இறங்கி வந்து சட்டியைப் பிடுங்கி, தன் இருக்கைக்குக் கீழே செருகிக்கொண்டு வண்டியை எடுத்தான். சாமான் இறக்கிய அவசரத்தில் மறந்தான். குழம்பு புளித்தது. மூன்றாம் நாள் வாசனை வந்துதான் கண்டுபிடித்தான். அதுவரை பானுப்பிரியா சட்டி வர்ஷாவிடம் இருக்கிறது என்று காத்திருந்தாள். வர்ஷாவோ, அக்கா கடைசியில் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள் என்று

இதுவே நடந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது.

எதிர்வீட்டுக் கதவு என் கதவிலிருந்து நான்கு எட்டு. போய்க் கேட்டுவிடலாம். ஆனால் எப்படிக் கேட்பது? "இந்தச் சட்டி யாருதுங்க?" என்றா?

8

போன வாரம் வீட்டுக்காரர் சுப்பராயன் நசரத்பேட்டையிலிருந்து மனைவியோடு வந்தார். வாடகை ஒப்பந்தம் தள்ளிக்கொண்டே போயிருந்தது. "போன தடவ நானே கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப வீடு யாரு பேர்ல கீதோ அவங்கதான் போடணும்னு சொல்றாங்க" என்று பத்திரத்தை மனைவி பக்கம் தள்ளினார். அந்த அம்மாவை நான் ஓனரம்மா என்றுதான் அழைப்பேன். தெருவே அப்படித்தான் அழைக்கும். ஓனரம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதினார். ஞானம்மாள்.

"பொங்கல் சமயத்தில் இங்கே வந்தீங்களாம்மா?" என்றேன்.

"ஆமா தம்பி. புதுசா வந்த பொண்ணுக்கு கேஸ் வர்லியே, பாவம், பச்சத் தண்ணிய குட்ச்சிகினு கெடக்குமேன்னு மொச்சக் கொயம்பு எட்த்தாந்தேன். உள்ள இங்கிலீஷ்ல பேசிகினே இருந்துச்சு. இவரு கீழ நின்னுகினு கத்துறாரு. செருப்பு ஸ்டாண்டு மேல வெச்சிட்டுப் போய்ட்டேன். அந்தத் தூக்கு இன்னும் வர்ல, பாரேன்."

"நீங்க கேக்கலியா?"

"ஒரு தூக்குக்குப் போய் கேப்பாங்களா? என் பேரு வெட்டிக் கீது. தானா வரும்."

அந்த நேரத்தில் சட்டி சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், கழுவிக் கவிழ்த்திருந்தது. எழுந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் டீ போட்டேன். வெறுமனே கொடுக்கக் கூடாதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை.

எது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தால் எனக்குச் சந்தோஷம் வரும். எப்போதும் வரும். இந்தத் தடவை வரவில்லை. கண்டுபிடித்த கையோடு அதை நிறுத்தும் விசையும் என் கைக்கு வந்துவிட்டது.

9

இன்று புதன்கிழமை, மாலை ஏழு. ஐப்பசி மழை தூறுகிறது. கன்னியம்மாளின் வண்டியில் பாதி இடம் பரங்கிக்காய். ஒரு கீற்று வாங்கினேன். தோலோடு துண்டு போட்டு, சின்ன வெங்காயத்தோடு வதக்கி, நீர்த்த புளியில் கொதிக்கவிட்டேன். தோலைச் சீவவில்லை. சீவினால் குழம்பில் கரைந்துவிடும், தோல்தான் அதைத் துண்டாகப் பிடித்து வைத்திருக்கிறது. இருபத்தைந்து நிமிடம். சட்டியை நிரப்பி மூடிவிட்டேன்.

கடையில் மஞ்சள் சீட்டுக் கட்டும் வாங்கி வந்திருக்கிறேன். ஒன்றை மூடியில் ஒட்டியிருக்கிறேன். அதில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

"சுரைக்காய்க் கூட்டில் உப்பு கொஞ்சம் கம்மி" என்று எழுதலாம். அது உண்மை. எழுதினால் அந்த ஃப்ரிட்ஜில் இன்னொரு மஞ்சள் சதுரம் சேரும். சட்டி நாளை மறுநாள் திரும்பி வரும். கடிகாரம் ஓடும். நசரத்பேட்டையில் ஓர் அம்மா, தானா வரும் என்று காத்திருப்பார். வர்ஷாவின் இடத்தில் நான் நிற்பேன்.

"மொச்சைக் குழம்பு வைத்தது ஓனரம்மா" என்று எழுதலாம். அதுவும் உண்மை. எழுதினால் சட்டி தன் வீடு போய்ச் சேரும், எல்லாம் நின்றுவிடும். அல்லது பானுப்பிரியா இதைப் படித்த கையோடு ஃபோனை எடுத்து, நாலு மாதமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தவள், "ஏ வர்ஷா, மொச்ச யார்துன்னு தெர்ஞ்சுபோச்சு" என்று ஆரம்பிக்கலாம். அவர்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றால் அதுவும் தேவைப்படாது. எனக்குத் தெரியாது. கன்னியம்மாளுக்கும் தெரியாது.

இரண்டையும் எழுத அந்தச் சதுரத்தில் இடம் போதாது. வேறொரு சீட்டில் எழுதிப் பார்த்துவிட்டேன்.

சண்முகசுந்தரத்துக்கு மூன்று குறிப்பு போய்ச் சேரும். மீதி இரண்டை அவர் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி வந்துவிட்டேன். அதன் மேல் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இந்தக் கதையே அப்படி ஒருவர் வைத்துவிட்டுப் போனதால் வந்தது. மணியை அழுத்திவிட்டேன்.

"யாரு?" என்கிறது உள்ளிருந்து குரல். காலடிச் சத்தம் வருகிறது. என் ஒரு கையில் சட்டி, இன்னொரு கையால் மூடி சரியாமல் பிடித்திருக்கிறேன். சீட்டு வெறுமையாக இருக்கிறது. பேனா சட்டைப் பையில் இருக்கிறது, படிக்கிற நீங்களே எடுத்து எழுதிவிடுங்கள். சீக்கிரம், குழம்பு ஆறுகிறது.